நஞ்சப்பன் குடித்த கடல்

ரவுண்ட் ராக்கில் நஞ்சப்பனைத் தெரியாதவர்களுக்குக்கூட அவருடைய மீசையைத் தெரியும். கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களாகவே குடியிருக்கும் அந்த டெக்ஸாஸ் ஊரில் ஆண்பிள்ளைகளெல்லாம் முகத்தை வழுவழுவென்று வைத்துக்கொண்டு திரிய, இவர் ஒருவர்தான் இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுக்கொண்டு காலை நடைக்குக் கிளம்புவார். எதிரே ஓடிவரும் வெள்ளைக்காரர் முதலில் மீசைக்கு ஒரு ஹலோ, அப்புறம் ஆளுக்கு ஒரு ஹலோ என்று இரண்டாகச் சொல்லிவிட்டுப் போவார்.

அந்த மீசை சும்மா வந்ததல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. அவர் பள்ளிக்கூடத்தை விட்டதாகத்தான் சொல்வார். திருச்செங்கோட்டுப் பக்கம் கிணறு வெட்டுகிற கூட்டத்தோடு சேர்ந்து பாறையில் தமர் அடித்துத் துளை போட்டு வெடி வைத்தார். ஆழ்துளை போடும் ரிக் வண்டிகள் வந்தபோது குழாய் மாட்டுகிற ஆளாக ஏறி, டிரைவராகி, டிரில்லராகி, முப்பத்தெட்டு வயதில் சொந்த வண்டிக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஒரு வண்டி மூன்று வண்டியானது. ஆந்திரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் என்று அவர் துளை போடாத சீமை இல்லை. துளையிலிருந்து பறக்கிற தூளை உள்ளங்கையில் தேய்த்து, மோந்து, நாக்கு நுனியில் வைத்து, இன்னும் எத்தனை அடியில் தண்ணீர் என்று சொல்லிவிடுவார். எந்தக் காலேஜிலும் சொல்லித்தராத வித்தை அது.

அவருடைய ஜென்மப் பகையாளிகள் பாயிண்ட் குறிக்க வரும் ஆபீசர்கள். ஜீப்பில் வந்து, பெட்டியும் ஒயருமாக எதையோ நட்டுப் பார்த்துவிட்டு, இங்கே போடு என்று ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். நஞ்சப்பனுக்கு அந்த இடத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், ஐந்நூறு அடி போனாலும் வெறும் புகைதான் வரும் என்று. வாயைத் திறந்தால், "உன் வேலை வண்டி ஓட்டறது. ஓட்டு" என்பார்கள். ஓட்டுவார். புகைதான் வரும். ஜீப் போய்விடும், நிலத்துக்காரன் வயிற்றெரிச்சலோடு நஞ்சப்பனைத்தான் பார்ப்பான். அதனால் சொந்த வண்டி வந்ததும் அவர் ஒரு சட்டம் போட்டார். பாயிண்ட் குறித்தவர் கடைசிவரைக்கும் பக்கத்தில் நிற்கவேண்டும். தண்ணீர் வந்தால் முதல் வாய் அவர்தான் குடிக்கவேண்டும். குடித்து, ருசி இன்னதென்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லவேண்டும். இந்தச் சட்டத்துக்குப் பயந்தே பாதி ஆபீசர்கள் அவர் வண்டி நிற்கும் பக்கம் வருவதை நிறுத்தினார்கள்.

சம்சாரம் காலமானபின் மகள் ஷ்யாமளா அவரை டெக்ஸாஸுக்கு அழைத்து வந்துவிட்டாள். வந்த இடத்தில் ஒரே ஒரு குறைதான். திருச்செங்கோட்டில் ரிக்காரர் என்றால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். இங்கே அவர் அங்கிள். ஷ்யாமளாவின் அப்பா அங்கிள். பிறந்தநாள் விழாவில் பலூன் ஊதுகிற அங்கிள். அவர் ஊதிய பலூன் எதுவும் உடைந்ததில்லை என்பதும் உண்மைதான். ஆனாலும் நாலாயிரம் துளை போட்ட மனுஷனுக்கு அது ஒரு பெருமையா?

2006-ஆம் வருஷம் டெக்ஸாஸிலும் அதற்கு வடக்கே உள்ள புல்வெளிச் சீமைகளிலும் மழை பொய்த்தது. அந்த வருஷம்தான் ஷ்யாமளாவின் ஆபீசில் வேலை பார்க்கும் சிராஜுக்கு ஆடு வளர்க்கும் ஆசை வந்தது. சிராஜ் பள்ளப்பட்டிக்காரன். ஓக்லஹோமாவும் கான்சாஸும் தொட்டுக்கொள்கிற எல்லையில் எண்பது ஏக்கர் வாங்கியிருந்தான். எல்லையில் ஒரு மண்ரோடு; ரோட்டுக்கு வடக்கே கான்சாஸில் பாதி, தெற்கே ஓக்லஹோமாவில் பாதி. நிலம் இருந்தது, வேலி இருந்தது, தண்ணீர் இல்லை. ஆடு வருவதற்கு முன்னால் போர் போட்டாக வேண்டும். எங்கே போடுவது?

அதைப் பேசத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராஜ் வீட்டில் டீக்குக் கூடினார்கள். நஞ்சப்பன் ஷ்யாமளாவோடு போனபோது அங்கே ஏற்கெனவே ஒருவர் மேஜை முழுக்க வரைபடத்தை விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பெயர் சிவராமகிருஷ்ணன். மகன் வீட்டுக்கு வந்திருப்பவர். ஊரில் சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தோரு வருஷம் நிலத்தடி நீர் பார்த்து ரிடையர் ஆனவர். சட்டைப் பையில் இன்னும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. ஜீப் மட்டும்தான் இல்லை.

"பாருங்கோ சிராஜ், வடக்குத் துண்டு மேடு," என்றார் சிவராமகிருஷ்ணன். "மேற்கே ராக்கி மலை கரைஞ்சு, ஆத்தோட உருண்டு வந்த மணலும் கூழாங்கல்லும் அங்கே போர்வை மாதிரி கெடக்கு. நெப்ராஸ்காலேர்ந்து கான்சாஸ், ஓக்லஹோமா, இந்த டெக்ஸாஸ் வரைக்கும் ஒரே போர்வை. ஜலம் அதுக்குள்ளே இருக்கு. தெற்குத் துண்டு பள்ளம். அங்கே போர்வை கிழிஞ்சு அடியிலே இருக்கற செகப்பு மண் வெளியே தெரியறது. அது இருபத்தஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடி வத்திப்போன கடல். அங்கே போட்டா ஒரு சொட்டு வராது."

"மேட்டுல தண்ணி, பள்ளத்துல இல்லீங்களா?" என்றார் நஞ்சப்பன். "தண்ணி எப்பங் சார் மேல ஏறப் பழகுச்சு?"

"ஏறலை. மேலேயே தங்கிடுத்து."

"அதென்னமோ கடலுன்னீங்களே."

"ஆமாம், கடல். ஒரு தடவை இல்லே, பல தடவை வந்து வந்து போயிருக்கு. கான்சாஸ் மேற்கே சுண்ணாம்புப் பாறையிலே ரெண்டாள் நீள மீனோட எலும்பு எடுத்திருக்கா."

"மீனு ரயில்ல வந்திருக்குமுங்."

சிராஜ் சிரித்துவிட்டான். சிவராமகிருஷ்ணன் சிரிக்கவில்லை. நஞ்சப்பனுக்கு உற்சாகம் ஏறிவிட்டது.

"ஏனுங் சார், இந்த ரவுண்ட் ராக்குல தோட்டத்துக் கல்லுல சிப்பி இருக்குது, நானே பாத்திருக்கறன். சரி, நாலு மணி நேரம் வண்டியில போனாக் கடல், என்னைக்கோ ஏறி வந்திருக்கும், ஒத்துக்கறன். இந்தக் கான்சாஸ் எல்லை அப்பிடீங்களா? அமெரிக்காவுக்கு நட்டநடுத் தொப்புளுங்க அது. எந்தப் பக்கட்டு நடந்தாலும் கடல் காத்து அடிக்காது. அங்க கடல் இருந்துச்சுன்னு என்ற கண்ணு முன்னால ஆராச்சும் நிரூபிச்சா, இந்த மீசைய எடுத்துடறனுங். நீங்க வேண்டாமுன்ன பள்ளத்துலயே, நீரோட்டம் பாக்கற என்ற தேங்கா எங்க எந்திரிக்குதோ அங்க நல்ல தண்ணி எடுத்துக் காட்டறன், இல்லீனாலும் மீசை போச்சுங்."

"அப்பா!" என்றாள் ஷ்யாமளா. "இப்ப எதுக்கு மீசை? சும்மா இருங்கப்பா."

"மீசை வெச்சவன்தான் பேசமுடியும் கண்ணு."

சிவராமகிருஷ்ணன் தன் வழவழத்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார். சிராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அங்கிள், மழையில்லாத இந்த டிராட்ல டிரில்லர் கிடைக்கறதே பெரும்பாடு. ரெண்டு நாள்தான் டேட் குடுத்திருக்கார். தப்பாப் போச்சுன்னா அடுத்த வருஷம்தான்." கொஞ்சம் யோசித்தான். "ஆனா ஒண்ணு. எங்க அத்தா தோட்டத்துல போர் போட்டது உங்க வண்டிதான் அங்கிள். இன்னிக்கு வரைக்கும் வத்தலை. நீங்களே பாயிண்ட் வைங்க. இன்ஷா அல்லாஹ் பாத்துக்கலாம். சார், நீங்களும் வாங்க."

முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தை ஒரு பள்ளப்பட்டித் தோட்டம் ஜெயித்துவிட்டது. அன்றைக்கு வீடு திரும்பும்போது நஞ்சப்பன் காரில் சீட்டியடித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்றதும் சீட்டி நின்றது. இந்தத் துளையில் நல்ல தண்ணீர் வந்தால் அவர் மறுபடியும் ரிக்காரர். வராவிட்டால் சாகிறவரை பலூன் அங்கிள், அதுவும் மீசையில்லாத பலூன் அங்கிள். நடுவில் வேறு வழி இல்லை. எல்லா வழியையும் அவரே அடைத்துவிட்டு வந்திருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் சிராஜின் வண்டி வடக்கே கிளம்பியது. முன் சீட்டில் நஞ்சப்பன், மடியில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் மூன்று தேங்காய். பின் சீட்டில் சிவராமகிருஷ்ணனும் அவர் வரைபடமும்.

"இடது கைப் பக்கம் சுண்ணாம்புக் கல், வலது கைப் பக்கம் கரிசல்," என்று பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "இந்த ஹைவேயே பூமி விண்டுபோன ஒரு பழைய விரிசல் ஓரமாத்தான் போறது."

அது கண்ணுக்குத் தெரிந்ததால் நஞ்சப்பன் மறுக்கவில்லை. கரிசல் காடு கோவில்பட்டிப் பக்கம்போல வெடித்துக் கிடந்தது. ரெட் ரிவரைத் தாண்டி ஓக்லஹோமாவுக்குள் நுழைந்ததும் மண் செக்கச்செவேலென்று மாறியது. அவருக்கு மனசு குளிர்ந்தது. செம்மண் என்றால் சொந்தக்காரன் மாதிரி.

"நம்மூர் செம்மண் இல்லே அது," என்றது பின் சீட்டு. "நம்மூர்லே பாறை மக்கிச் செகப்பாச்சு. இது ஆத்துச் சேறும் கடலோரச் சேறும் துருப்பிடிச்சது."

மதியத்துக்கு முன் ஒரு குன்றுக் கூட்டம் வந்தது. ரோட்டுக்காக மலையை அறுத்திருந்தார்கள். அறுத்த முகத்தில் படுத்திருக்கவேண்டிய பாறைப் பலகைகள், அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல நெட்டுக்குத்தாக நின்றன. நஞ்சப்பன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் பூமியை மேலிருந்து கீழே மட்டுமே படித்தவர் அவர். யாரோ அதைப் புரட்டி முதுகைக் காட்டுவது இதுதான் முதல் தடவை.

"இதுவும் கடலடியிலே படிஞ்சதுதான்," என்றார் சிவராமகிருஷ்ணன் மெல்ல. "அப்புறம் பூமி நெருக்கி நிமித்திடுத்து."

"உங்களுக்கு எல்லாமே கடலுதானுங் சார்." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்: "நம்ம திருச்செங்கோட்டுப் பாறை எப்பத்ததுங்?"

"அதுவா? சேலம், நாமக்கல் பாறையெல்லாம் இருநூத்தம்பது கோடி வருஷத்துக்குக் குறையாது."

நஞ்சப்பன் கணக்குப் போட்டார். இருபத்தைந்து எங்கே, இருநூற்றைம்பது எங்கே. பத்து மடங்கு. "பாத்தியா சிராஜு," என்றார், "நம்ம பாறைக்கு முன்னால இந்த ஊருப் பாறை கைக்கொழந்தை." அதற்கப்புறம் ஐம்பது மைலுக்கு மீசையிலிருந்து கை எடுக்கவில்லை. வருஷக் கணக்கு சொன்னது ஆபீசர் என்பதையும், அந்தக் கணக்கை நம்பினால் கடலையும் நம்பவேண்டிவரும் என்பதையும் அவர் சௌகரியமாக விட்டுவிட்டார்.

ஓக்லஹோமா சிட்டியைத் தாண்டி வடமேற்கே திரும்பியதும் பூமி தட்டையாகிப் போனது. மரம் இல்லை, குன்று இல்லை, வானம் மட்டும் வேண்டிய அளவு இருந்தது. பிறகு அங்கங்கே செம்மண் மேடுகள், தலையில் வெள்ளையாக ஒரு கல் தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் மின்னின. அன்றிரவு ஒரு மோட்டலில் தங்கிவிட்டு, காலையில் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

நீரோட்டம் பார்க்கிற தேங்காய்க்குக் குடுமி வேண்டும். உள்ளங்கையில் படுக்கவைத்து நடந்தால், கீழே தண்ணீர் ஓடுகிற இடத்தில் குடுமி வானத்தைப் பார்க்கக் காய் எழுந்து நிற்கும். இந்தியன் ஸ்டோரில் வாங்கியதோ பிளாஸ்டிக் உறை போட்ட மொட்டைக் காய்கள். மெக்சிகோக் காய்க்குத் தமிழ்நாட்டுத் தொழில் தெரியுமா என்ற சந்தேகத்தோடுதான் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வடக்கு மேட்டில் கால் வைத்தார்.

மூன்றாவது அடியில் காய் எழுந்தது. அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. படுக்கவைத்துப் பத்தடி நடந்தார். எழுந்தது. கிழக்கே போனார், எழுந்தது. மேற்கே போனார், கையில் வைத்ததும் வைக்காததுமாக எழுந்தது. திருச்செங்கோட்டில் ஒரு பூமிக்கு ஒரு நீரோட்டம், அதுவும் கயிற்றுத் தடிமன்தான். நாற்பது ஏக்கரிலும் தண்ணீர் என்று ஒரு காய் சொன்னால், அந்தக் காயை எந்தத் தொழில்காரன் நம்புவான்?

"கெட்டுப்போன காயிங்க இது," என்றார். "எல்லாத்துக்கும் தலையாட்டுது."

"ஐயோ, தேங்காய் சரியாத்தான் சொல்றது!" என்று வேலியோரத்திலிருந்து கத்தினார் சிவராமகிருஷ்ணன். "இங்கே எங்கே தோண்டினாலும் ஜலம்தான். போர்வைன்னு சொன்னேனே!"

படித்தவர் தேங்காய்க்குச் சாட்சி சொல்ல, தேங்காய்க்காரர் அதைப் புல்லுக்குள் விட்டெறிந்தார். இரண்டாவது காயை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டித் தெற்குப் பள்ளத்தில் இறங்கினார். அங்கே காய் செத்தது மாதிரி கிடந்தது. அரை மணி நேரம் அலைந்தார். பஞ்சு பறக்கிற பெரிய மரங்கள் நாலு நின்ற ஓடைக்கரையில், ஒரே ஒரு இடத்தில், மெள்ள எழுந்தது. இதல்லவா காய்! இதல்லவா பூமி! ஒரு கல்லை எடுத்து அங்கே வைத்தார்.

டிரில்லர் டுவேன் ஒன்பது மணிக்கு ரிக்கோடு வந்து சேர்ந்தார். ஆறடி உயரம், அழுக்குத் தொப்பி, நஞ்சப்பன் வயதுதான் இருக்கும். கல் வைத்த இடத்தைப் பார்த்தார். வடக்கே மேட்டைப் பார்த்தார். தரையில் துப்பினார். சிராஜிடம் நாலு வார்த்தை பேசினார்.

"அங்கிள், 'இங்கேயா? ஷ்யூரா?'ன்னு கேக்கறார். அவர் தாத்தா காலத்துலேர்ந்து இந்தப் பக்கம்தான் டிரில் பண்றாங்களாம். அவரா இருந்தா..."

"பாயிண்ட் வெச்சாச்சுன்னு சொல்லு சாமி. அவுரு வேலை வண்டி ஓட்டறது. ஓட்டச் சொல்லு."

சிராஜ் அதைக் கொஞ்சம் மெருகு போட்டுத்தான் சொன்னான். டுவேன் தோளைக் குலுக்கிவிட்டு ஓட்டினார்.

தொடங்குமுன் கற்பூரம் ஏற்ற நஞ்சப்பன் தீப்பெட்டியை எடுத்தார். டுவேன் பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மழையில்லாத காலம், காட்டில் நெருப்புப் பற்றவைக்கத் தடையாம். சிராஜ் பிஸ்மில்லாஹ் சொன்னான். அதற்குத் தடை எதுவும் இல்லாததால் அதோடு ஆரம்பித்தார்கள்.

இந்த ஊர் ரிக் காற்றால் தூளை ஊதுவதில்லை. சேற்றுத் தண்ணீரை உள்ளே விட்டு மண்ணை மேலே கொண்டுவருகிறது. நஞ்சப்பன் சேற்றில் கை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். அறுபது அடி வரை சிவப்பு. நூறு அடியில் சிவப்பு. நூற்றுப் பத்தில் வெள்ளைத் துணுக்குகள் வந்தன.

"வெங்கச்சாங்கல்லு!" என்று கூவினார். அவருடைய ஊரில் அந்த வெள்ளைக் கல் வந்தால் தண்ணீர் பக்கத்தில் என்று அர்த்தம். "பாத்துக்கங் சார், வந்துருச்சு!"

சிவராமகிருஷ்ணன் பூதக்கண்ணாடியை வெளியே எடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மீசையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நஞ்சப்பன் ஒரு துணுக்கை நகத்தால் கீறினார். கீறல் விழுந்தது. வெங்கச்சாங்கல் இரும்பிலே கீறல் போடும், நகத்துக்குப் பணியாது. இன்னொன்றை எடுத்துக் கீறினார். அதிலும் விழுந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு யாரும் பார்க்கிறார்களா என்று நிமிர்ந்தார். டுவேன் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணும் கண்ணும் சந்தித்ததும், டுவேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எண்ணெய் டப்பாவில் எதையோ தேடினார்.

அந்தத் திரும்பல் நஞ்சப்பனுக்குத் தெரியும். அது அவருடைய சொந்தத் திரும்பல். ஜீப்பில் வந்தவன் வைத்த கல்லின்மேல் வண்டியை ஓட்டிவிட்டு, தெரிந்ததைச் சொல்லவும் முடியாமல், நிலத்துக்காரன் முகத்தைப் பார்க்கவும் மாட்டாமல், அவர் எத்தனை ஊரில் இப்படி எண்ணெய் டப்பாவைத் தேடியிருக்கிறார்! இன்றைக்கு ஜீப் ஒன்றுதான் குறைச்சல். மற்றபடி ஆபீசர் அவர்தான்.

நூற்று நாற்பது அடியில் குழாய் திடீரென்று ஒரு பொந்துக்குள் விழுந்தது. தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க டுவேன் காற்றை உள்ளே விட்டார். துளை ஒரு தரம் செருமிவிட்டு, பனைமர உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி அடித்தது. சிராஜ் மழையில் நனைகிற பிள்ளைபோல் துள்ளினான்.

"அங்கிள்! மாஷா அல்லாஹ்! வந்துருச்சு அங்கிள்!"

சிவராமகிருஷ்ணன் வாய் பிளந்து நின்றார். ஒரு சொட்டு வராது என்றவர் தலைமேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. நஞ்சப்பன் ஜெயித்துவிட்டார். ஒரே ஒரு சடங்குதான் பாக்கி. முதல் வாய்.

"உங்க ரூல்தானே அங்கிள், பாயிண்ட் வெச்சவங்கதான் ஃபர்ஸ்ட் குடிக்கணும்," என்று சிராஜ் காகிதக் கோப்பையை நிறைத்துக் கொடுத்தான். வழிநெடுக நூறு தடவை அந்தச் சட்டத்தின் பெருமையைச் சொன்னது அவர்தான்.

நஞ்சப்பன் குடித்தார்.

நாக்கு சுருண்டது. கல்லுப்பைக் கரைத்து, அதில் பழைய சுண்ணாம்பைக் கலக்கி ஊற்றியதுபோல் இருந்தது. ராமேஸ்வரத்தில் சம்சாரத்தோடு முழுக்குப் போட்டபோது மூக்கில் ஏறிய அதே தண்ணீர். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். துப்பினால் தெரிந்துவிடும். துப்பாமல், கொஞ்சம் உவர்ப்புதான், ஆட்டுக்கு ஆகும் என்று சொல்லிவிடலாம். ஆடு வந்து வாய் வைக்கும்வரை, ஒரு மாதமாவது, மீசை இருக்கும். பழைய ஆபீசர்கள் ஜீப்பில் ஏறிப் போனது அந்த மாதிரி ஒரு மாதத்துக்காகத்தான்.

அவர் விழுங்கினார். கோப்பையில் மிச்சமிருந்ததையும் குடித்துவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"உப்பு."

சிராஜின் துள்ளல் நின்றது. "எவ்வளவு உப்பு அங்கிள்? ஃபில்டர் போட்டா..."

"கடலு, சாமி. சுத்தமான கடலு." சிவராமகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். "இருந்துச்சுங் சார். குடிச்சுப் பாத்துட்டன்."

சிவராமகிருஷ்ணன் இந்த நிமிஷத்துக்காகத்தான் ஐந்நூறு மைல் வந்திருந்தார். ஆனால் அவரால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. "ஜலம் வந்திருக்கப்படாதே," என்று முனகினார். "அந்த வெள்ளைக் கல், ஜிப்சம், கரைஞ்சு பொந்து விழுந்திருக்கு போல. அது நான் எதிர்பார்க்கலை."

அவர் பூதக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியதும் நஞ்சப்பன் டுவேனைக் காட்டினார். "சிராஜு, அவுருகிட்ட கேளு. அவுரு நெலமா இருந்தா எங்க போடுவாருன்னு கேளு. கேட்டுட்டு, அவுரு சொல்ற எடத்துல போடு."

டுவேன் இறங்கிக்கூட வரவில்லை. தாடையால் வடக்கு மேட்டைக் காட்டி ஒரே வார்த்தை சொன்னார்.

"எங்க வேணாலும் போடலாம்னு சொல்றார் அங்கிள்."

எங்கே வேண்டுமானாலும் என்றால் எங்கே? நஞ்சப்பனே மேடேறிப் போனார். அவர் விட்டெறிந்த காய் புல்லுக்குள் கிடந்தது. கிடந்ததா நின்றதா என்று குனிந்து பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. அதன் பக்கத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டினார். டுவேன் தலையாட்டினார். மறுநாள் மதியத்துக்குள் மணலும் கூழாங்கல்லுமாகப் போய், தொண்ணூறு அடியில் பால்போல் தண்ணீர் வந்தது. சிராஜ் கோப்பையை நீட்ட, நஞ்சப்பன் அதை வாங்கி டுவேனிடம் கொடுத்தார். டுவேன் விழித்தார்.

"பாயிண்ட் வெச்சவருதான் குடிக்கோணும். சொல்லு அவுருக்கு."

டுவேன் குடித்தார். "குட்," என்றார். அந்தச் சீமையில் ருசியை ஊரறியச் சொல்வதென்றால் அவ்வளவுதான் போலிருக்கிறது.

திரும்புகிற வழியில், கான்சாஸ் ஓரத்து ஒரு பெட்ரோல் பங்கில் நஞ்சப்பன் வண்டியை நிறுத்தச் சொன்னார். சவரக்கத்தி ஒன்று வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனார்.

"வேண்டாம், நஞ்சப்பன்," என்று சிவராமகிருஷ்ணன் கதவுவரை பின்னாலேயே வந்தார். "நானும்தான் ஒரு சொட்டு வராதுன்னேன். சரிக்குச் சரியாப் போயிடுத்து."

"உங்களுக்கு எடுக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்களே சார்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரவுண்ட் ராக்கில் கார் கதவைத் திறந்து இறங்கியவரை ஷ்யாமளா, சிராஜ் யாரோ சொந்தக்காரரைக் கூட்டி வந்திருக்கிறான் என்று நினைத்து, "வாங்க அங்கிள்" என்றாள். பெற்ற மகளுக்கும் அங்கிள் என்றாகிவிட்டது. இனி மேலே போவதற்கு ஒன்றும் இல்லை, கீழே போவதற்கும் இல்லை. பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துச் சமையலறை ஜன்னலில் வைத்தார். பிடித்து வந்தது நல்ல தண்ணீர் இல்லை, மற்றது.

மீசை மறுபடி வளர நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், மீசை எங்கே என்று கேட்காதவர் இல்லை. நஞ்சப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். ராக்கி மலை கரைந்து வந்ததையும், போர்வை கிழிந்ததையும், கடல் வந்து வந்து போனதையும், தாமே கூட இருந்து பார்த்ததுபோல் சொல்வார். "படிச்சவங்க பொஸ்தகத்துல பாத்தாங்க, மேப்புல பாத்தாங்க. இருபத்தஞ்சு கோடி வருஷத்துக் கடலைக் குடிச்சவன் இந்த டெக்ஸாஸ்ல ஆருங்? என்னையத் தவிர ஒரு ஆளைக் காட்டுங்க பாப்பம்."

"இருபத்தஞ்சு இல்லே," என்று பக்கத்து நாற்காலியிலிருந்து சிவராமகிருஷ்ணன் திருத்துவார். "சரியாச் சொல்லணும்னா இருபத்தேழு."

"கேட்டுக்கங்க," என்பார் நஞ்சப்பன், இல்லாத மீசையின் இடத்தைத் தடவிக்கொண்டே. "குடிக்கறப்பவே நெனச்சன். இருபத்தேழு கோடி ருசிதான் அது."